மேல் வீட்டுக் கணினி, கீழ் வீட்டுக் கணினி: ஃபோல்டர் ஷேரிங்குக்கு எந்த வழி?

கோத்தகிரியில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேலே தாத்தா காலத்துக் கல் வீடு. அங்கிருந்து 42 படி இறங்கினால் கீழ் வீடு. அதில் மூன்று அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறோம். கீழே ஆபீஸ் மேசையில் அக்காவின் டெஸ்க்டாப், மேலே என் லேப்டாப். அக்கா வீட்டுக்காரர், மாமா, பறவைப் படம் எடுப்பவர். அவருடைய லேப்டாப் இரண்டு வீட்டுக்கும் போய் வரும். அறை முன்பதிவு, தேயிலைக் கொழுந்துக் கணக்கு, ரசீதுகள், படங்கள் எல்லாம் இந்த மூன்று கணினிகளில் சிதறிக் கிடந்தன.

இரண்டு வருடம் பென்டிரைவில்தான் ஓட்டினோம். ஒரு டிசம்பரில் அக்கா கீழே ஒரு முன்பணத்தை ஃபைலில் ஏற்றியிருந்தாள். அது தெரியாமல் நான் மேலே பழைய ஃபைலைத் திறந்து, அதே அறையை இன்னொருவருக்கு உறுதி செய்துவிட்டேன். இரவு எட்டு மணிக்கு, எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டத்தில், கைக்குழந்தையோடு வந்த குடும்பத்திடம் அறை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. தெரிந்தவர் வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தோம். ஆனாலும் அந்தக் குழந்தையின் அம்மா பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. அதற்கு மறுநாள் அக்காவின் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, மூன்று கணினிகளிலும் அதையே திறக்கும்படி வைத்தேன்.

பத்து மாதம் நன்றாக ஓடியது. நவம்பர் மழையில் ஒரு காலை, ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்ற செய்தி வந்து நின்றது. விவரம் கேட்கப் போன கடையில், “நாஸ் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள் சார், இந்தத் தொல்லையே இருக்காது” என்றார்கள். நெட்வொர்க்கில் மாட்டி, எல்லோரும் பொதுவாக ஃபைல் வைத்துக்கொள்ளும் டிஸ்க் பெட்டி அது. வாங்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா நிறுத்தினாள்.

“ஏன்டா, நேத்து வரைக்கும் ஓடுனது இன்னிக்கு ஏன் ஓடல? அதை முதல்ல பாரு. பெட்டி அப்புறம் வாங்கலாம்.”

அவள் சொன்னதுதான் சரி. எங்கள் வீட்டில் பழுதாகியிருந்தது நெட்வொர்க். புதுப் பெட்டி வாங்கி அதே நெட்வொர்க்கில் மாட்டியிருந்தால் அந்தப் பெட்டியும் தெரிந்திருக்காது. அதனால் எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன், எங்களுக்கு எங்கே அடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தாண்டாமல் கீழே வரும் எந்த வழியும் வேலை செய்யாது.

எங்கே அடைத்தது

முந்தின நாள் இன்டர்நெட் கொடுப்பவர்களின் ஆள் வந்து பழைய ஃபைபர் பெட்டியை மாற்றிவிட்டுப் போயிருந்தார். போகும்போது கீழ் வீட்டு ரூட்டரையும் ரீசெட் செய்து, மேலிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில், அதாவது வெளி இன்டர்நெட்டுக்கான துளையில், செருகியிருந்தார். இரண்டு வீட்டிலும் இன்டர்நெட் வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு செருகலில் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிட்டது.

கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். என் லேப்டாப்பின் முகவரி 192.168.1.7. அக்காவுடையது 192.168.0.4. வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு கணினியும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாக அர்த்தம். எங்களுக்கு மூன்றாவது எண் வேறாக இருந்தது. இப்படி ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர் உட்கார்ந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். உள்ளே இருக்கும் கணினி வெளியே இருப்பதை எட்டும். வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. அக்காவின் கணினியிலிருந்து என் லேப்டாப்பைப் பிங் செய்தால், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கட்டளையால் தட்டிப் பார்த்தால், பதில் வந்தது, என்னிடமிருந்து அவளுக்குப் போகவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மருந்து, கீழ் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுவது, அதாவது தனி நெட்வொர்க் தொடங்காமல் மேல் நெட்வொர்க்கையே நீட்டும்படி வைப்பது. அந்த மோடு இல்லாத பழைய ரூட்டராக இருந்தால், அதில் டிஎச்சிபியை (கணினிகளுக்கு முகவரி ஒதுக்கும் வேலையை) நிறுத்திவிட்டு, அதன் முகவரியை மேல் ரூட்டரின் வரிசையில் வேறு எண்ணாக வைத்து, கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட்டில் செருகினால் போதும். பத்து நிமிட வேலை.

அது முடிந்தும் ஃபோல்டர் திறக்கவில்லை. ரூட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகக் கணக்கில் எடுக்கும். பேருந்து நிலையத்து வைஃபையில் இருப்பது போல நினைத்து, ‘பப்ளிக்’ என்று வைத்துக்கொண்டு தன்னை மறைத்துக்கொள்ளும். நெட்வொர்க் செட்டிங்ஸில் அதை ‘பிரைவேட்’ ஆக்க வேண்டும், எல்லாக் கணினியிலும். பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். பிரைவேட் ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் ஃபயர்வால் தனக்கு வேண்டிய வழியைத் தானே விடும்.

அப்புறம் மூன்றாவது அடைப்பு. என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 அப்டேட் ஏறியிருந்தது. 2024-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, பாஸ்வேர்டு இல்லாமல் ‘கெஸ்ட்’ ஆகப் போய் ஃபோல்டரைத் திறப்பதை ப்ரோவிலும் தடுத்துவிட்டார்கள். நான் ஆரம்பத்தில் அவசரத்துக்குப் பாஸ்வேர்டே வேண்டாம் என்று வைத்திருந்தேன். அது பத்து மாதம் ஓடியதே தவறு. தடையை நீக்க வழி இருக்கிறது, தேடினால் கிடைக்கும். ஆனால் விருந்தினர் வந்து போகும் வீட்டில் பாஸ்வேர்டு இல்லாத ஃபோல்டர் என்பது கதவு இல்லாத பீரோ மாதிரி. அக்காவின் டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கென்று ஒரு தனி லோக்கல் அக்கவுன்டைத் தொடங்கி, அதற்கு நல்ல பாஸ்வேர்டு கொடுத்து, அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் என் லேப்டாப்பில், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஏற்றினேன். திறந்தது.

மாமாவுக்கு மட்டும் திறக்கவில்லை. “தினமும் இதே நம்பர்தானே போடறேன்?” என்று தன் பின் எண்ணையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். பின் எண் அந்தந்தக் கணினிக்குள் நுழைய மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வரும்போது, ஃபோல்டர் எந்தக் கணினியில் இருக்கிறதோ அதில் உள்ள அக்கவுன்டின் பாஸ்வேர்டுதான் செல்லும். நிறைய வீடுகளில் சிக்கல் இந்த ஒரு இடத்தில்தான்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நெட்வொர்க் பகுதியில் கணினியின் பெயர் தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, பெயருக்குப் பதில் ஐபி எண்ணை அடித்துப் பாருங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்காவிட்டால், ஷேரிங் நன்றாகவே இருக்கிறது, பெயரைக் கண்டுபிடிக்கும் சேவைதான் தூங்குகிறது. ரூட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே எண் எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கிவிட்டு, எண்ணையே நெட்வொர்க் டிரைவாக மேப் செய்துகொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மற்றது அனுமதி. ஒரு ஃபோல்டருக்கு ஷேரிங் அனுமதி ஒன்று, டிஸ்க்கிலேயே உள்ள செக்யூரிட்டி அனுமதி இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். திறக்கிறது, படிக்க முடிகிறது, சேமிக்க மட்டும் முடியவில்லை என்றால் இரண்டாவதைப் பாருங்கள். பழைய வீடியோக்களில் ஹோம்குரூப் என்று ஒன்றைச் சொல்வார்கள். அதை 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டார்கள், தேட வேண்டாம்.

இப்போது வழிகள்

நெட்வொர்க் சரியான பிறகுதான், எது நமக்குப் பொருந்தும் என்று நிதானமாக உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் வழி, இப்போது நாங்கள் சரிசெய்த அதே விண்டோஸ் ஷேரிங். செலவு இல்லை. இரண்டு கணினி, ஒரே கூரை, பகலில் இரண்டுமே ஓடும் என்றால் இதைவிட வேறு எதுவும் தேவையில்லை. ஆனால் ஃபோல்டர் இருக்கும் கணினி விழித்திருக்க வேண்டும். அக்கா மேட்டுப்பாளையத்துக்குப் போகும் நாளில் டெஸ்க்டாப்பை அணைத்துவிட்டுப் போவாள். அன்று எனக்கு ஃபோல்டர் இல்லை. அணைக்காவிட்டாலும், சும்மா இருந்தால் கணினி ஸ்லீப்புக்குப் போய்விடும். ‘சில நேரம் தெரிகிறது, சில நேரம் தெரியவில்லை’ என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். ஸ்லீப்பை நிறுத்தலாம். ஆனால் ஒரு டெஸ்க்டாப்பை இரவு பகலாக ஓட்டுவது மின்சாரத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் சுமை.

இரண்டாவது, ரூட்டரின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகுவது. ரூட்டர் எப்போதும் ஓடுகிறது, டிஸ்க் கையில் இருக்கிறது, கேட்க அழகான யோசனை. நான் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை குறைந்த பழைய ரூட்டர்களில் பலவற்றுக்கு, விண்டோஸின் ஷேரிங் மொழியான எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய வான்னாக்ரை என்ற தீய மென்பொருள், அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி பரவியது. அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டால் அந்த முதல் பதிப்பு வருவதில்லை. அதனால் டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் அதைப் பார்க்க மறுக்கும். உடனே யாராவது, ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு’ என்பார்கள். ஒரு டிஸ்க்குக்காக எல்லாக் கணினியிலும் பழைய ஓட்டையைத் திறந்து வைப்பது நியாயமில்லை. இது போக, இங்கே மின்சாரம் போகும் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அப்படியே சாகும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். புது ரூட்டர், பென்டிரைவ் அளவு சின்ன வேலை, போனால் போகட்டும் என்கிற சினிமாக்கள் என்றால் வைத்துக்கொள்ளலாம். கணக்கு ஃபைலுக்கு வேண்டாம்.

மூன்றாவது, கடைக்காரர் சொன்ன நாஸ் பெட்டி. அவர் சொன்னதில் பொய் இல்லை, நல்ல சாமான்தான். சினாலஜி, க்யூநாப் மாதிரியானவை இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும்படி வைக்கலாம். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. ஆளுக்கொரு அக்கவுன்ட், பழைய பதிப்புகளைச் சேமிப்பது, எல்லாம் அதிலேயே உண்டு. ஆனால் இரண்டு டிஸ்க்கோடு சேர்த்தால் ஒரு நடுத்தர லேப்டாப்பின் விலையைத் தொடுகிறது. அதோடு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்க வேண்டும். பழுதானால் கோயம்புத்தூருக்குத்தான் இறக்க வேண்டும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதுவது பேக்கப் ஆகாது. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். ஐந்தாறு பேர் வேலை செய்யும் அலுவலகமோ ஸ்டூடியோவோ என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். மூன்று அறை வாடகைக்கு விடும் வீட்டுக்கு இது அதிகம் என்று எனக்குப் பட்டது.

நான்காவதில்தான் நாங்கள் போய் நின்றோம். மேல் வீட்டு அலமாரியில் 2015-இல் வாங்கிய ஒரு லேப்டாப் கிடந்தது. விண்டோஸ் 11 அதில் ஏறாது; அது கேட்கும் பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் அதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விற்றால் மூவாயிரம் ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அதற்குள் நாஸ் பெட்டியில் இல்லாத ஒன்று இருக்கிறது, சொந்த பேட்டரி. மின்சாரம் போனால் அது பாட்டுக்கு ஓடும்.

அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, சாம்பாவை அமைத்தேன். சாம்பா என்பது விண்டோஸின் ஷேரிங் மொழியை லினக்ஸ் பேசுவதற்கான இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் முதலில் வெளியிட்டார். அந்த மொழியின் பெயரான எஸ்எம்பியில் உள்ள எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல் எது என்று அகராதிக் கோப்பில் தேடி எடுத்த பெயர் அது. முப்பது வருடத்துக்கு மேல் பலர் சேர்ந்து வளர்த்த வேலை நம் அலமாரியில் தூசி படிந்த லேப்டாப்புக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுக்கிறது என்பதை நினைக்க எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அக்கா கணினியில் இருந்து பார்த்தால் அது இன்னொரு விண்டோஸ் கணினி மாதிரியே தெரியும். தமிழில் பெயர் வைத்த ஃபைல்களும் அப்படியே வருகின்றன.

மின்சாரக் கணக்கும் போட்டுப் பார்த்தோம். மூடி வைத்த லேப்டாப் சுமார் 15 வாட் எடுக்கும் என்று வைத்தால், இரவு பகலாக ஓடி மாதம் 11 யூனிட். இரண்டு மாத பில்லில் 22 யூனிட். அக்கா ஒப்புக்கொண்டாள். மூடினால் தூங்கக் கூடாது என்று செட்டிங்கில் சொல்ல வேண்டும், அதை மறந்தால் எல்லாம் வீண். பேட்டரி விஷயத்தில் மட்டும் கவனம். எப்போதும் சார்ஜில் இருக்கும் பழைய பேட்டரி வீங்கலாம். மாதம் ஒரு தடவை லேப்டாப்பைத் திருப்பி, அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா, டச்பேட் மேலே தள்ளுகிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும். துணி, மர அலமாரி பக்கத்தில் வைக்காதீர்கள். எங்களுடையது கல் திண்ணையில் இருக்கிறது.

லினக்ஸ் பக்கமே போகாதவர்களுக்கு இந்த வழி முதல் நாள் சற்றுக் கடினம். பயனர் பெயரை சாம்பாவுக்கென்று தனியாகச் சேர்த்துப் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும் என்பதிலேயே பலர் நின்றுவிடுவார்கள். லினக்ஸில் அக்கவுன்ட் இருப்பது மட்டும் போதாது. பக்கத்தில் தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்தால் ஒரு மாலை வேலை.

ஐந்தாவது, சின்க்திங் என்ற மென்பொருள். இது வேறு மாதிரியான யோசனை. ஃபோல்டர் ஒரு இடத்தில் இருந்து மற்றவர்கள் அங்கே போவதில்லை. ஒவ்வொரு கணினியிலும் முழு நகல் இருக்கும், ஒன்றில் மாறினால் மற்றதற்கும் தானே போய்ச் சேரும். நடுவில் எந்த நிறுவனத்தின் கணினியிலும் உங்கள் ஃபைல் போய்த் தங்காது. இலவசம். எதிர்க் கணினி அணைந்திருந்தாலும் உங்கள் நகல் உங்களிடம் இருக்கும்; இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும்போது சமன் ஆகும். மாமாவுக்கு இது வரப்பிரசாதம். லாங்வுட் சோலையில் காலை முழுக்க நீலகிரி சிரிப்பான் பறவையின் பின்னாலேயே நடந்து, படங்களை லேப்டாப்பில் போட்டுவிட்டு மூடிவிடுவார். வீட்டுக்கு வந்து திறந்ததும், காபி குடிக்கும் நேரத்தில் அவை திண்ணை லேப்டாப்புக்குப் போக ஆரம்பித்துவிடும்.

ஆனால் கணக்கு ஃபைலுக்கு இதை வைக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே எக்செல் ஃபைலைத் தனித்தனியாக மாற்றினால், சின்க்திங் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ‘கான்ஃப்ளிக்ட்’ என்று பெயரிட்டு ஓரமாக வைக்கும். எதையும் அழிக்காது, சரிதான். ஆனால் எந்த ஃபைலில் முன்பணம் இருக்கிறது என்று மறுபடியும் தேட வேண்டும். நாங்கள் பென்டிரைவில் பட்ட பாடுதான் அது. டேலி என்ற கணக்கு மென்பொருள் மாதிரி, பல ஃபைல்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் டேட்டா ஃபோல்டரை இப்படி ஓடவே விடக் கூடாது. பாதி புதியது, பாதி பழையது என்று சேர்ந்தால் கணக்கே கெடலாம். டேலியை இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறக்க வேண்டுமென்றால் அதற்கு சில்வர் உரிமம் போதாது, கோல்டு வேண்டும். அது ஷேரிங் செட்டிங்கால் தீரும் விஷயம் இல்லை. எங்களுக்கு அக்கா மட்டும்தான் டேலி பார்க்கிறாள். அது அவள் கணினியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடைசியாக கூகுள் டிரைவ். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயிலும் போட்டோஸும் அதிலேயே சேர்த்தி. மாமா ஒரு காலையில் 400 படம் எடுப்பார். ஒன்று 25 எம்பி என்றால் 10 ஜிபி ஆகிவிட்டது. இரண்டாவது காலைக்கு இடம் இல்லை. அதைவிட முக்கியம், பக்கத்து அறையில் இருக்கும் கணினிக்குப் போக வேண்டிய படம் மலையிறங்கிப் போய்த் திரும்ப ஏறி வர வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாட்களில் மரம் விழுந்தால் கம்பியும் சேர்ந்து விழும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்டர்நெட் அறுந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க் அறுவதில்லை. ரூட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும். நிறையப் பேருக்கு இது இரண்டும் வேறு வேறு என்றே தெரியாது. வைஃபை அடையாளத்தில் ஆச்சரியக்குறி வந்ததும் எல்லாம் போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் ஒன்றை மட்டும் கூகுளுக்குக் கொடுத்தோம், அறை முன்பதிவுப் பட்டியலை. அக்கா பஸ்ஸில் இருக்கும்போதுதான் பாதி ஃபோன் வருகிறது. கூகுள் ஷீட்ஸில் அவள் ஃபோனிலிருந்தே எழுதுகிறாள், அதே நொடியில் எனக்கு மேலே தெரிகிறது. இரண்டு பேர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுத அதுவே வசதி. மற்ற எந்த வழியும் இதில் அதன் கிட்டே வராது.

அப்படியானால் எங்கள் வீட்டில் இப்போது: முன்பதிவு ஷீட்ஸில். ரசீது, கொழுந்துக் கணக்கு, ஆதார் நகல் போன்றவை திண்ணை லேப்டாப்பின் சாம்பா ஃபோல்டரில். மாமாவின் படங்கள் சின்க்திங் வழியாக அதே லேப்டாப்பில் செருகிய டிஸ்க்குக்கு. உங்கள் வீட்டில் இதே கலவை வர வேண்டியதில்லை. எந்த ஃபைலை எத்தனை பேர் ஒரே நேரத்தில் தொடுகிறார்கள், எந்தக் கணினி அணையாமல் இருக்கும், இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் வழி தானே தெரிந்துவிடும்.

விருந்தினர் வைஃபையும் கல் சுவரும்

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சொந்த வைஃபையின் பாஸ்வேர்டை விருந்தினருக்குக் கொடுக்காதீர்கள். அநேகமாக எல்லா ரூட்டரிலும் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று உண்டு. அதில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும், உங்கள் கணினிகள் தெரியாது. ஆக்சஸ் பாயின்டாக மாற்றிய ரூட்டரில் சில சமயம் இந்தப் பிரிப்பு வேலை செய்யாமல் போகும், அதனால் ஒரு ஃபோனை கெஸ்டில் இணைத்து ஃபோல்டர் தெரிகிறதா என்று நீங்களே ஒரு தடவை சோதியுங்கள். நாங்கள் வாங்கும் அடையாள அட்டை நகல்கள் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவை அவை. மறுபக்கமும் உண்டு: உங்கள் லேப்டாப்பே தெரியாமல் கெஸ்ட் வைஃபையில் ஏறியிருந்தால், எவ்வளவு செட்டிங் பார்த்தாலும் ஷேரிங் வராது.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மேல் வீட்டுச் சுவர் ஒன்றரை அடிக் கல். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. 2.4 தாண்டும், தவழ்ந்து தாண்டும். மாமாவின் 10 ஜிபி படம் அதில் நொடிக்கு மூன்று நான்கு எம்பி என்று போய் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதே படம் நல்ல கேபிளில் இரண்டு நிமிடம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், எப்போதும் ஓடும் கணினியை மட்டுமாவது ரூட்டரோடு கேபிளில் இணைத்துவிடுங்கள். இதில் போடும் சில நூறு ரூபாய் மற்ற எந்தச் செலவைவிடவும் பலன் தரும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள கேபிள் தனிக் கதை. நீளம் 35 மீட்டர். ஈத்தர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும், அதனால் அதில் பயமில்லை. ஆனால் ஒரு நாள் கிகாபிட் வேகம் திடீரென்று 100 மெகாபிட்டாக இறங்கியது. கீழ் முனையின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், ஈரத்தில் பின்களில் பச்சை பூத்திருந்தது. உள்ளே நான்கு ஜோடிக் கம்பி. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், இரண்டு மட்டும் நன்றாக இருந்தால் 100-க்கு இறங்கி ஓடும், நிற்காது. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போட்டதும் சரியாயிற்று. கேபிளை கண்டூட் பைப்பில் விட்டு மண்ணுக்குள் புதைத்திருக்கிறோம். மேலே கிடந்தபோது முள்ளம்பன்றி ஒரு தடவை கடித்தது, காட்டெருமை ஒரு தடவை மிதித்தது. இடி மின்னல் காலத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி ஓடுவது அவ்வளவு நல்லதில்லை என்பதால், கோடையில் அந்தத் துண்டை மட்டும் ஃபைபராக மாற்றிவிட எண்ணம். ஃபைபரில் மின்சாரம் பாயாது. இரு முனைக்கும், ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்று வேண்டும்.

பேக்கப் தனி. ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைத் திண்ணை லேப்டாப்பில் செருகி, நகல் முடிந்ததும் கழற்றி, சிலிக்கா ஜெல் பை போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுவாள். மாமாவின் லென்ஸ்களும் அதே டப்பாவில்தான் இருக்கின்றன. இங்கே பூஞ்சைக்கு லென்ஸ், டிஸ்க் என்ற பேதம் கிடையாது. போன வாரம் டப்பாவைத் திறந்தபோது நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தன. ஜெல்லை வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து, நீலம் திரும்பியதும் ஆற வைத்து மறுபடி உள்ளே போட்டாள்.